கினோவாவும் குழம்பும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முகவுரை

முனைவர் பட்ட ஆய்வேடுகளில் முதல் சில பக்கங்கள் நெறியாளருக்கும் துறைத் தலைவருக்கும் தட்டச்சு செய்து கொடுத்தவருக்கும் நன்றி சொல்வதிலேயே போய்விடும். இந்த ஆய்வுக்கு நெறியாளர் கிடையாது. தட்டச்சு சொந்தக் கை. நன்றி சொல்ல வேண்டிய ஒரே ஆள் கேஸ் சிலிண்டர் தூக்கி வந்து போடுகிற தம்பி. அவருக்கு நேரிலேயே சொல்லியாகிவிட்டது. எனவே நேராகப் பொருளுக்குள் போகலாம்.

தேனி மாவட்டம் 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்தது. ஆய்வாளர்கள் விட்டுவைத்த பொருள் இங்கே இனி அதிகமில்லை. முல்லைப் பெரியாறு பற்றி எழுதி எழுதி நூலக அலமாரிகள் நிறைந்துவிட்டன. போடி ஏலக்காய், மேகமலைத் தேயிலை, சின்னமனூர் வாழை, பெரியகுளம் மாம்பழம் எதுவும் தப்பவில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே வந்துவிட்டது. எழுதப்படாமல் கிடப்பது ஒன்றுதான். "சுகர் கூடியிருக்கு, அரிசியை விட்டுட்டு கினோவா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு பள்ளத்தாக்குக்காரர், வீட்டுக்கு வந்து அந்தக் கினோவாவில் எதை ஊற்றிச் சாப்பிடுகிறார்? மருத்துவமும் இதைக் கேட்கவில்லை, மானுடவியலும் கேட்கவில்லை. அவர் மதியம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றிக்கொள்கிறார் என்பது மட்டும் ஊரறிந்த உண்மை.

இந்த ஆய்வின் கருதுகோள் வருமாறு: சத்தான சாப்பாடு ருசிக்காது என்ற புகார் எப்போதும் தானியத்தின் மேல்தான் பதிவாகிறது. ஆனால் வீட்டில் அரிசியை வெளியேற்றிய அன்றைக்கே உப்பு, புளி, எண்ணெய், கருவாடு அத்தனையையும் சேர்த்து வெளியேற்றிவிடுகிறார்கள். ருசி போனது இரண்டாவது நடவடிக்கையால்.

ஆய்வெல்லை

ஆண்டிபட்டிக் கணவாயில் தொடங்கி லோயர் கேம்ப்பில் முடிகிறது. அதற்கு மேல் ஏறினால் குமுளி. அங்கே மீன் குழம்பில் குடம்புளி போடுகிறார்கள், தரவு கெட்டுவிடும்.

மாதிரிக் குடும்பங்கள்: எங்கள் வீடு, சின்னமனூரில் தாய்மாமா வீடு, தேவாரத்தில் அப்பத்தா வீடு. இவற்றில் சுகர் உண்டு, பிரஷர் உண்டு, எதுவுமே இல்லாத ஆளாக எண்பதைத் தாண்டிய அப்பத்தா மட்டும் உண்டு. புள்ளியியல் அறிந்தவர்கள் இந்த மாதிரி போதாது என்பார்கள். சமைத்துப் போடுகிறவர்களிடம் போய்ச் சொல்லட்டும்.

முன்னாய்வுகள்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். கினோவாப் பூ அதில் இல்லை. தினை, வரகு, அவரை எல்லாம் சங்க இலக்கியத்தில் கிடைக்கின்றன. கினோவா எங்கும் கிடைக்கவில்லை. இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, கினோவா அக்காலத்தில் தமிழகத்தில் இல்லை. இரண்டு, இருந்தது, ஆனால் கபிலருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது முடிவை நிறுவினால் ஒரு கருத்தரங்கம் நடத்தலாம் என்றாலும், உண்மையின் பொருட்டு முதலாவதையே ஏற்கிறேன்.

கினோவாவின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவில் 3,812 மீட்டர் உயரத்தில் கிடக்கிற டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைகிறது. இன்கா மக்கள் அதைத் தானியங்களுக்கெல்லாம் தாய் என்று வைத்துக் கும்பிட்டார்கள். ஸ்பானியர்கள் வந்தபின் அது மலைக்காட்டு ஏழைகளின் தீனி என்று ஒதுக்கப்பட்டது. பட்டணத்தில் கோதுமையும் அரிசியும் சாப்பிடுகிறவன் பெரிய மனுசன், கினோவா சாப்பிடுகிறவன் காட்டான். அப்படியே சில நூற்றாண்டுகள் போயின. 1993-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம், நெடுநாள் விண்வெளிப் பயணத்தில் போகிறவர்களுக்கு இதைப் பயிராக்கிக் கொடுக்கலாமா என்று ஓர் அறிக்கை எழுதியது. ஐக்கிய நாடுகள் சபை 2013-ஆம் ஆண்டை உலகக் கினோவா ஆண்டாக அறிவித்தது. விலை ஏறியது. கேப்பைக்களியை ஒதுக்கிவைத்துப் பிறகு அதையே நட்சத்திர ஓட்டலில் ராகி என்று தேடிப்போன ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் ராஜஸ்தானிலும், ஆந்திராவின் அனந்தப்பூர் பக்கமும் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பூக்கிற நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மணி சரியாகப் பிடிக்காது. கம்பம் இருப்பதோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டரில். சித்திரை மாதம் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள் இங்கே அது எப்படிப் பூக்கும் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தாவரவியலில் ஒரு செய்தி முக்கியம். கினோவா நெல், கம்பு, சாமை போலப் புல்வகை கிடையாது. நம்முடைய தண்டுக்கீரை, முளைக்கீரை இருக்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. சக்கரவர்த்திக் கீரைக்கு இன்னும் நெருங்கிய பங்காளி. இரண்டும் ஒரே பேரினம். இதை அப்பத்தாவிடம் விளக்கியபோது அவர் சொன்னது ஆய்வுக் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது:

"அப்ப கீரை வெதையைத்தான் அரிசின்னு பாக்கெட்டு போட்டு விக்கிறானா? கீரைய என்ன பண்ணுறான், அதைத் தனியா விக்கிறானா?"

இலையையும் தின்னலாம் என்பதே சரியான விடை. ஆனால் அதைச் சொன்னால் களப்பணி திசைமாறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பள்ளத்தாக்கில் அரிசி எப்படி ஜெயித்தது

இந்த இயலை எழுதாமல் கினோவாவைப் பேசுவது நியாயமில்லை. 1895-இல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாற்றுக்குக் குறுக்கே அணையைக் கட்டி முடித்தார். மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. இன்றைக்கும் தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் வாரத்தில் ஷட்டரைத் தூக்குகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் நடக்கிறது. அந்த நன்றிக்குத்தான் பாலார்பட்டியில் பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15 அன்று ஊர்கூடிப் பொங்கல் வைக்கிறார்கள்.

ஆற்றுப் பாசனம் எட்டாத தேவாரம், ஆண்டிபட்டி, வருசநாட்டுப் பக்கங்களில் மானாவாரிதான். சோளம், கம்பு, சாமை, குதிரைவாலி. அங்கேயும் தட்டு வெள்ளையானது ரேசன் கடையால். 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசமாகவே வந்தது. விலையில்லாத அரிசியோடு எந்தக் குதிரைவாலி போட்டி போடும்?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. பழைய தானியம் பற்றி உருகி எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். குதிரைவாலியின் உமி லேசில் போகாது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கல் பொறுக்கி, ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாள் யாருடையது என்று கேட்டால், பாரம்பரிய உணவு பற்றிப் பேசுகிற ஆண்களில் பாதிப் பேர் மைக்கைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்பத்தா இதை ஒரே மூச்சில் முடித்தார்: "சோளச்சோறு தின்ன காலத்துல நெல்லுச்சோறு எப்ப வரும்னு கெடந்தோம். வந்துச்சு. கை காப்பு காச்சதும் நின்னுச்சு. இப்ப டாக்டரு வந்து திரும்ப உரலைப் பாருங்குறாரு. அவரு வந்து குத்துவாரா?"

இப்போது மில்லில் தோல் நீக்கி வருகிறது என்று சொன்னேன். "அப்பச் சரி" என்றார். இந்த 'அப்பச் சரி'யைச் சிறுதானியக் கொள்கையின் முழு வரலாறாகவே எடுத்துக்கொள்ளலாம்.

களப்பணி: கழுவுதல்

பாக்கெட்டைப் பிரித்து அரிசி களைகிற ஓட்டைக் கிண்ணத்தில் போட்டால், கினோவாவில் கணிசமான பகுதி ஓட்டை வழியாகத் தொட்டிக்குள் போய்விடும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி அது. டீ வடிகட்டி வேண்டும். அளவு கூடினால் வெள்ளை வேட்டித் துணி. இதை எந்தப் பாக்கெட்டிலும் அச்சடித்திருப்பதாகத் தெரியவில்லை.

தண்ணீரில் போட்டுக் கையால் கலக்கியதும் நுரை கிளம்பும். மணியின் மேல் சப்போனின் என்ற கசப்புப் பூச்சு இருக்கிறது. பறவைகள் கொத்தாமல் இருக்கச் செடி தனக்குத்தானே செய்துகொண்ட ஏற்பாடு. நம்முடைய பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை தருவது இதே வகைப் பொருள்தான். ஆக, கழுவாமல் கினோவாவைச் சமைத்தவர் லேசாகச் சோப்புத் தண்ணீர் குடித்த முகபாவத்தோடு இருப்பதற்கு வேதியியல் ஆதாரம் உண்டு. "கினோவா கசக்குது" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் சுவையைப் பற்றிப் பேசவில்லை, கழுவாததைப் பற்றிப் பேசுகிறார்கள். கழுவி விற்பதாகச் சொல்லும் பாக்கெட்டையும் ஒருமுறை அலசுவது நல்லது. நுரை நிற்கும் வரை கழுவுவதே அளவு.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. பாலார்பட்டிப் பொங்கலை அரிசிக்குப் பதிலாகக் கினோவாவில் வைக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. வைக்கலாம். ஆனால் அது பொங்குவது கழுவும்போது. குலவையை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில் ஊர்ப் பெரியவர்களுக்குள் ஒற்றுமை வராது என்பதால் இந்த யோசனை கைவிடப்பட்டது.

களப்பணி: வேகவைத்தல்

கழுவியதை ஈரம் போக வடித்து, இரும்புக் கடாயில் எண்ணெயில்லாமல் வறுக்க வேண்டும். முதலில் கடாயோடு ஒட்டும். பிறகு மணிகள் பிரிந்து ஓடத் தொடங்கும். வறுத்த கடலை வாசம் லேசாக எழும்பி, ஒன்றிரண்டு மணி படபடவென்று துள்ளும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, உப்புப் போட்டு, மூடி, சிறுதீயில் கால் மணி நேரம். இறக்கி மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்காதவர்களுக்குக் கூழ்தான் கிடைக்கும்.

வெந்ததும் ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாக ஒரு சின்னச் சுருள் பிரிந்து நிற்கும். அது முளைக்கரு, மணியைச் சுற்றி வளையமாகக் கிடந்தது வெந்தபின் அவிழ்கிறது. நன்றாக வெந்ததற்கு அதுதான் அடையாளம் என்று உலகெங்கும் சமையற்காரர்கள் சொல்கிறார்கள். அந்தச் சுருளைத் தட்டில் பார்த்த அப்பத்தா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, விரலால் ஒன்றைத் தள்ளிப் பார்த்து, தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"ராசா, இதுல பூராம் புழு இருக்கு. நீ கண்ணு தெரியாம வாங்கிட்டு வந்துட்ட."

விளக்கம் சொல்லப்பட்டது. ஏற்கப்படவில்லை. மறுநாள் அதே கினோவா மாவாக அரைபட்டு தோசையாக வந்தபோது அவரே இரண்டாவது தோசை கேட்டார். புழு எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிசைசோறும் உதிர்சோறும்

வெந்த கினோவாவில் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் சோதனை சின்னமனூர் மாமா வீட்டில் நடந்தது. மாமா அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுகர் பழசு. அத்தை பருப்பு சாம்பார், மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு, தயிர் என்று வரிசையாக வைத்தார். மாமா பழக்கப்படி நடுவில் குழி பண்ணி சாம்பாரை ஊற்றினார். சாம்பார் குழியில் நிற்கவில்லை. மணிகளுக்கு இடையில் இறங்கித் தட்டின் ஓரத்துக்குப் போய் நின்றது. பிசைந்தார். பிசையவில்லை. உருட்டினார். கவளம் விரலிடுக்கில் உதிர்ந்தது.

"மாப்ள, இது சோறில்ல. இது கையை விட்டு ஓடுது" என்றார்.

இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு மாமாவின் இந்த வாக்கியத்திலிருந்துதான் பிறந்தது. நம் தட்டில் இரண்டு வகைச் சோறு உண்டு. பிசைந்து, குழைத்து, கவளமாக்கி உள்ளே தள்ளுகிற பிசைசோறு ஒன்று. சாம்பார் சாதம், குதிரைவாலிச் சோற்றில் கருவாட்டுக் குழம்பு, பழைய சோற்றில் தயிர் எல்லாம் அந்தப் பக்கம். ஒன்றோடொன்று ஒட்டாமல், மணிமணியாக, எண்ணெயும் புளியும் பூசி நிற்கிற உதிர்சோறு இன்னொன்று. புளியோதரை, எலுமிச்சை சாதம், உப்புமா, பயணத்துக்குக் கட்டுகிற கட்டுச்சோறு எல்லாம் இந்தப் பக்கம். அரிசி இரண்டு பக்கமும் போகும். கினோவாவுக்கு உதிர்கிற பக்கம் மட்டுமே வாசல் திறந்திருக்கிறது. மணியின் தோல் உடையாமலே வேகிற இனம் அது. அதைப் பிசைசோறாக்கப் போய்த்தான் ஊரெல்லாம் தோற்கிறார்கள்.

ஆகவே முதல் பரிந்துரை: கினோவாவில் குழம்பை ஊற்றாதீர்கள். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசலைச் சுண்டவைத்து, வெந்தயப் பொடி தூவிய புளிக்காய்ச்சலை ஆறிய கினோவாவில் போட்டுக் கிளறுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். மாமா இதை முழுதாகச் சாப்பிட்டார். கோயிலில் கொடுத்ததா என்றுகூடக் கேட்டார்.

பிசைந்துதான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கினோவாவோடு பாதியளவு பாசிப்பருப்பைச் சேர்த்து, மொத்தத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் ஊற்றி, குக்கரில் நான்கு விசில் விட்டு, கரண்டியால் மசித்து, மிளகு சீரகம் இஞ்சி கறிவேப்பிலை தாளித்து வெண்பொங்கலாக்குவது. இரண்டு, அடையாளம் தெரியாமல் அரைத்துவிடுவது: இட்லி அரிசியில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கினோவா, உளுந்து வழக்கம்போல. மாவு புளித்து வரும். தோசை முறுகலாக வரும். இட்லி கொஞ்சம் தட்டையாகத்தான் வரும், அதற்கு யாரையும் திட்ட வேண்டாம்.

குழம்புக் கோட்பாடு

இப்போது கருதுகோளுக்குத் திரும்பலாம். சுகரோ பிரஷரோ வந்த வீட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. அரிசியைக் குறை, உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, புளியைக் குறை, காரத்தைக் குறை. இதில் புளியும் காரமும் யாருடைய உத்தரவு என்று தேடிப் பார்த்தால் ஆள் அகப்படவில்லை. வீட்டார் பயத்தில் தாங்களே சேர்த்துக்கொண்டது. வயிற்றுப்புண் உள்ளவர் காரத்தைக் குறைப்பது வேறு விஷயம். உப்புக்குக் கணக்கு உண்டு: ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது சமன் செய்த ஒரு தேக்கரண்டி, ஊறுகாய் அப்பளம் எல்லாம் சேர்த்து. உப்பைக் குறைக்கிற வீட்டில் புளியைக் கூட்ட வேண்டும். புளிப்பு இருக்கிற இடத்தில் நாக்கு உப்பைக் குறைவாகத்தான் தேடும். எண்ணெயைக் குறைப்பவர்கள் சமைக்கும்போது குறைத்து, கடைசியில் ஒரே ஒரு கரண்டியில் தாளித்துக் கொட்டலாம். கறிவேப்பிலை, பெருங்காயம், மிளகாய் ஆகியவற்றின் மணத்தில் பெரும்பகுதி எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. அந்தக் கரண்டியை நிறுத்திவிட்டு மணம் எங்கே என்று கேட்பது அபாண்டம்.

கருவாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1908-இல் கிகுனே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசி ரசத்தைக் காய்ச்சி, இனிப்பு புளிப்பு உவர்ப்பு கசப்பு தவிர ஐந்தாவதாக ஒரு சுவை இருக்கிறது என்று கண்டுபிடித்து உமாமி என்று பெயர் வைத்தார். அதைத் தருவது குளூட்டமேட். 1913-இல் அவருடைய மாணவர் கொடாமா, உலர்த்திய சூரை மீனில் இனோசினேட் என்ற இன்னொரு பொருள் அதே வேலையைச் செய்வதைக் கண்டார். இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறும் என்பது அதற்கும் பின்னால் வந்த கண்டுபிடிப்பு. தக்காளியில் குளூட்டமேட் நிறைய. கருவாட்டில் இனோசினேட். கடலே இல்லாத தேனி மாவட்டத்தில் வாரச்சந்தையில் கருவாட்டுக் கடைக்கு ஏன் அத்தனை கூட்டம் என்பதற்கு ஜப்பான்காரர்கள் இப்படி விளக்கம் கொடுத்து உதவியிருக்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: கருவாட்டில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. வெந்நீரில் நன்றாக அலசி, ஒரு துண்டு மட்டும் போட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் விட வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த ஆய்வாளர் அந்த டாக்டர் இல்லை.

சத்துக் கணக்கிலும் குழம்புக்கு ஓர் இடம் உண்டு. கினோவாவின் பெருமையே அதன் புரதம்தான்: சமைக்காத 100 கிராமில் 14 கிராம் அளவு. அரிசியில் ஏழு. அளவு மட்டுமில்லை, உடம்புக்கு வெளியிலிருந்து வேண்டிய ஒன்பது அமினோ அமிலங்களும் அதில் இருக்கின்றன. தானியங்களில் பொதுவாகக் குறைவாக இருக்கும் லைசின் இதில் தாராளம். மரியாதையாக ஒப்புக்கொள்ள வேண்டிய தகுதி. ஆனால் தினையில் 12 கிராம் இருக்கிறது, கம்பில் ஏறக்குறைய அதே அளவு. அவற்றில் குறைகிற லைசின் மொச்சையில் கிடக்கிறது. மொச்சையில் குறைகிற மெத்தியோனின் கம்பிலும் சோளத்திலும் கிடக்கிறது. சோளச்சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றியவள் இந்தக் கணக்கைச் சொல்லாமலே போட்டு முடித்திருக்கிறாள். கால்சியத்துக்கு வந்தால் கினோவாவில் 47 மில்லிகிராம், கேழ்வரகில் 344. இரும்புச் சத்துக்குக் கினோவாவை வாங்குகிறவர்கள் கம்பை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கலாம்.

பாயசப் பிரச்சினை

களப்பணியின் கடைசி நாளில் அத்தை மீதியிருந்த கினோவாவைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, மண்டவெல்லம் போட்டு, போடி ஏலக்காய் தட்டிப் போட்டுப் பாயசமாக்கினார். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிற ஊர் போடி. அங்கிருந்து வரும் ஏலக்காயை எதில் போட்டாலும் அது பாயசமாகிவிடும் என்பது அத்தையின் கட்சி. கினோவாச் சுருள்கள் சேமியா மாதிரி மிதந்தன. இந்த முறை யாருக்கும் புழு தெரியவில்லை. மாமா டம்ளரை வழித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

எல்லாச் சோதனைகளிலும் முதலிடம் பாயசத்துக்குத்தான். எந்த நோக்கத்துக்காகக் கினோவா வீட்டுக்குள் வந்ததோ அந்த நோக்கம் வெல்லத்தோடு கரைந்துவிட்டதால், ஆய்வு நெறிமுறைப்படி இந்தத் தரவு நீக்கப்படுகிறது. மாமாவின் அன்றைய சுகர் அளவும் அதே காரணத்தால் இங்கே தரப்படவில்லை.

முடிவும் வாய்மொழித் தேர்வும்

கினோவாவுக்கு எதிராக இந்த ஆய்வாளருக்கு விரோதம் எதுவுமில்லை. வாங்கி வைத்துவிட்டவர்கள் டீ வடிகட்டியில் நுரை போகக் கழுவி, வறுத்து, புளிக்காய்ச்சலில் கிளறினால் நன்றாகவே சாப்பிடலாம். ஒரு வேளைக்கு ஒரு கப் போதும். சத்தானது என்பதற்காக மூன்று கப் சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான், சுகர் ஏறத்தான் செய்யும். இன்னும் வாங்காதவர்கள் முதலில் குதிரைவாலி வாங்குங்கள். விலை குறைவு, குழம்பைக் குடிக்கும், கவளமாகும், அப்பத்தா புழு என்று சொல்லமாட்டார். கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏ.சி. அலமாரியில் கினோவாவை முன்னால் வைத்து, ஆண்டிபட்டிச் சாமையைச் சோப்புத் தூளுக்குப் பின்னால் தள்ளுவதை நிறுத்துங்கள்.

இந்த ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எங்கள் வீட்டில் நடைபெறும். அனுமதி இலவசம். மறுப்புள்ள புறத்தேர்வாளர்கள் வரும்போது சந்தையில் கருவாடு வாங்கி வரவும்.